உன் காதில் இருந்த குரல்

இன்று காலை பக்கத்து வீட்டு மாடியில் மிளகாய் வறுத்தார்கள். மில்லுக்குக் கொண்டுபோக இரண்டு கிலோ இருக்கும். நெடி சுவர் தாண்டி நம் கூடத்தில் இறங்கியது. உன் அம்மா இருமிக்கொண்டே எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாள். "இருக்கட்டும்" என்றேன். கண்ணில் நீர் கொட்டக் கொட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. பின்பக்கம் போய்விட்டாள்.

இந்த நெடியை நீ இழுத்தது ஒரு வெள்ளிக்கிழமை, செங்கம் தாண்டி ஒரு கிராமத்துப் பூசாரி வீட்டில். சட்டியில் நெருப்பு, நெருப்பின்மேல் மிளகாய். பூசாரி எட்டத்தில் உட்கார்ந்து கேள்விதான் கேட்டான். "யாரு நீ? எந்த ஊரு? எதுக்கு இந்தப் புள்ளய புடிச்ச?" உன் தலையைச் சட்டிக்கு நேராக அழுத்திப் பிடித்தது அவன் இல்லை. உன் பிடரியில் இருந்த கை என்னுடையது.

"உடு நைனா. மூச்சு முட்டுது நைனா" என்று கத்தினாய். என்னை நீ அப்பா என்று கூப்பிட்டதே இல்லை, சின்ன வயதிலிருந்து நைனாதான். என் கை தளர்ந்தது. "கத்தறது உங்க புள்ள இல்லீங்க. உள்ள இருக்கறது கத்துது. கைய எடுத்தீங்கன்னா அது செயிச்சுடும்" என்றான் பூசாரி. நான் எடுக்கவில்லை. உன் இமை மயிர் பொசுங்கிய வாடையும் மிளகாய் நெடியும் சேர்ந்து வந்தது. நீ என் வேட்டியில் வாந்தி எடுத்து மயங்கி விழுந்தபோது, போய்விட்டது என்று எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

உனக்கு எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்து, உட்கார்ந்து, கிழித்துப் போட்டிருக்கிறேன். நல்லதிலிருந்து தொடங்கலாம் என்று பார்த்தேன். கை அங்கேதான் போகிறது. போகட்டும். பாதிக்குமேல் உனக்குத் தெரிந்ததுதான்.

நான் பஸ் கண்டக்டராக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன். பஸ் ஸ்டாண்டில் நின்று "வேலூர் வேலூர் வேலூர்" என்று ஒரு தடவை குரல் கொடுத்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடிக்கிறவன் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவான். வீட்டிலும் அதே குரல்தான். மெதுவாகப் பேச எனக்கு வராது. நீ அதற்கு நேர்மாறு. ஆசிரமம் பக்கம் ஒரு காபிக்கடையில் வேலைக்குப் போனாய். வெள்ளைக்காரர்களிடம் இங்கிலீஷில் மெல்லப் பேசுவாய். நீ போடும் காபிக்கென்றே காத்திருந்து குடிப்பார்கள் என்று கடைக்காரர் என்னிடம் சொன்னார். அப்போது உனக்கு இருபத்திரண்டு வயது.

அதே கடைக்காரர் ஒரு மத்தியானம் போன் செய்தார். கூட வேலை செய்கிற சமையல்காரன்மேல் நீ கொதிக்கிற பாலை ஊற்றிவிட்டாய். நான் போனபோது அவன் தண்ணீர்க் குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். முழங்கை வரை தோல் உரிந்து தொங்கியது. நீ மூலையில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாய். "என்னப் பத்தியே பேசிக்கினு இருந்தான் நைனா. நிறுத்துடான்னு எத்தினி தடவ சொன்னேன்" என்றாய். கடையில் இருந்தவர்களைக் கேட்டேன். காலையிலிருந்து அவன் வாயே திறக்கவில்லை என்றார்கள்.

கஞ்சா என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு இட்டுவந்து கதவைச் சாத்தி பெல்ட்டைக் கழற்றினேன். அன்றைக்கு ஆரம்பித்தது. நீ தனியாகப் பேசுவாய், நான் அடிப்பேன். நீ சிரிப்பாய், அடிப்பேன். சோற்றில் விஷம் என்று தட்டை விசிறுவாய், அடிப்பேன். டிவி உன்னைப் பேர் சொல்லித் திட்டுகிறது என்று குழவியைத் தூக்கிப் போட்டு உடைத்தாய். அன்றைக்குப் பெல்ட் பக்கிள் பக்கமாகத் திரும்பி உன் முதுகில் இறங்கியபோது அம்மாதான் வந்து அதைப் பிடுங்கினாள். "யாருகிட்டடா பேசற? சொல்லுடா, யாருகிட்ட?" என்று கத்தினேன். நீ தரையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாய். "நீ பேசறது உனக்கே கேக்கலயா நைனா?" என்றாய்.

திமிர் என்று நினைத்தேன். அதற்கும் சேர்த்து அடித்தேன்.

அம்மா நெற்றியில் இருக்கிற தழும்பு உனக்கு நினைவிருக்கும். அவள் உனக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நீ திடீரென்று எழுந்து கையில் கிடைத்த பித்தளைச் செம்பால் ஓங்கி அடித்தாய். ஒரு அடி இல்லை, மூன்று. ரத்தம் அவள் கண்ணை மறைத்து ஜாக்கெட்டில் இறங்கியது. அவள் விழுந்த பிறகுதான் நீ கையைப் பார்த்தாய், செம்பைப் பார்த்தாய், அலறினாய். தையல் போட்டுத் திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் சொன்னாள், "அவன் அடிக்கலீங்க. அவன் காதுல இருக்கறவன் அடிச்சான்." நான் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் மாடு கட்டுகிற சங்கிலியைக் கிராமத்து வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன்.

பின்னறை ஜன்னல் கம்பியில் ஒரு முனை, உன் வலது காலில் ஒரு முனை. பூட்டிவிட்டு, அடித்து, மூச்சு வாங்க நின்று, மறுபடி அடித்தேன். என் குரல் தெருமுனை வரை கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். "செத்துப் போடா. நீ செத்தாதான்டா இந்த வூடு உருப்படும். செத்துப் போ." எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. நீ சுவரில் சாய்ந்து, எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாய்.

மிளகாய்ப் புகை எல்லாம் அதற்குப் பிறகு. எட்டு மாதம் சங்கிலியில் இருந்தாய். கணுக்கால் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகும். அவிழ்த்தது நான் இல்லை. நான் டூட்டிக்குப் போயிருந்த ஒரு நாள் அம்மா பூட்டை உடைத்து, உன்னை ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டாள். மனநல டாக்டர் இதற்கு மனச்சிதைவு என்று பெயர் சொன்னார். மாத்திரை கொடுத்தார். ஒரு மாதத்தில் நீ படுத்துத் தூங்கினாய். இரண்டாவது மாதம் தட்டில் போட்டதைச் சாப்பிட்டாய். சங்கிலி திரும்ப ஏறவில்லை. ஆனால் குரல் மட்டும் போகவில்லை. கம்மியாயிற்று, நிற்கவில்லை. அப்போதுதான் அந்த டாக்டர், சென்னையில் ஒரு இடத்தில் இப்படி மாத்திரைக்கும் அடங்காமல் குரல் கேட்கிறவர்களின் மூளையை ஸ்கேன் செய்து ஆராய்ச்சி செய்கிறார்கள், விருப்பம் இருந்தால் போகலாம் என்றார். "போறேன் சார்" என்று நீதான் முதலில் சொன்னாய்.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்னப் பெண். காகிதத்தை வரி வரியாகப் படித்துக் காட்டினாள். "ஐயா, இது ஆராய்ச்சி. வைத்தியம் இல்லை. இதுல படுத்து எழுந்தா குரல் நின்னுடாது. பிடிக்கலைன்னா பாதியில எழுந்து வந்துடலாம்." நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் நம்பவில்லை. ஸ்கேன் மெஷினில் இருக்கிற அவ்வளவு பெரிய காந்தம் உனக்குள் இருப்பதை உறிஞ்சி எடுக்காமலா இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பூசாரியிடம் போனவன் புத்தி அவ்வளவு சீக்கிரம் மாறாது.

உள்ளே அனுப்பும் முன் ஒரு பையன் பட்டியல் வைத்துக்கொண்டு கேட்டான். "உடம்புல எங்கயாவது இரும்பு இருக்கா? பிளேட், ஸ்க்ரூ, ஏதாவது?"

நீ குனிந்து உன் காலைப் பார்த்தாய். "இப்ப இல்லீங்க" என்றாய்.

அவன் டிக் போட்டுக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டான்.

அதன்பிறகு டாக்டரம்மா கேள்விகள் கேட்டாள். நான் பக்கத்தில் இருக்கலாமா என்று உன்னிடம் கேட்டாள், இருக்கட்டும் என்றாய். குரல் காதுக்கு வெளியே கேட்குமா, தலைக்குள்ளேயா? வெளியே. ஒருவரா, பலரா? ஒருத்தர். ஆணா, பெண்ணா? ஆண். அவள் எழுதிக்கொண்டே, சாதாரணமாக, "தெரிஞ்சவங்க குரலா?" என்றாள்.

நீ மேஜை ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னாய்.

"எங்க நைனா குரல் மேடம்."

"என்ன சொல்லும்?"

"செத்துப் போன்னு சொல்லும்."

அவள் பேனா நின்றது. என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்கு இன்றைக்கும் அவளுக்கு நன்றி சொல்வேன்.

ஸ்கேன் நடந்தபோது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். உன் தலை அந்தக் குழாய்க்குள் போய்விட்டது. வெளியே தெரிந்தது உன் பாதங்களும் வலது கையும்தான். கையில் ஒரு பொத்தான் கொடுத்திருந்தார்கள். குரல் வந்தால் அழுத்த வேண்டும், நின்றால் விட வேண்டும். மெஷின் இரும்புப் பட்டறை மாதிரி டமடமவென்று அடித்தது. நான் மெஷினைப் பார்க்கவில்லை. உன் கட்டைவிரலையே பார்த்தேன். அது அழுத்தும், விடும். அழுத்தும். வெகு நேரம் அழுத்தியபடியே இருக்கும். இந்தப் பக்கம் நான் வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பக்கம் உன்னிடம் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு நாள் போனபோது படத்தைக் காட்டினாள். சாம்பல் நிற மூளையில் அங்கங்கே சிவப்பும் மஞ்சளும். "நீங்களும் நானும் மனசுக்குள்ள பேசறப்போ, இது நம்ம பேச்சுதான்னு பேசற பகுதி கேக்கற பகுதிக்கு முன்கூட்டியே சொல்லிடும். இவருக்கு அந்தத் தகவல் சரியா போய்ச் சேரலைன்னு நாங்க நினைக்கிறோம். அதனால தன் மனசுல ஓடற பேச்சே வெளியில இருந்து யாரோ பேசற மாதிரி வந்து விழுது. இது முழுக்கத் தெரிஞ்ச விஷயம் இல்லைங்க, இன்னும் பார்த்துட்டுதான் இருக்கோம்" என்றாள். பிறகு ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "ஆனா இது நிச்சயம். இவர் பொத்தானை அழுத்தின நேரத்துல, காதால கேக்கறதுக்கான பகுதி வேலை செஞ்சிருக்கு. இவர் நடிக்கலை. கற்பனை பண்ணிக்கலை. இவருக்குக் கேக்குது."

நான் அவ்வளவு நாளாக அடித்தது எதற்காக என்று எனக்கே விளங்கவில்லை. "என்னாலதான் வந்துச்சாம்மா?" என்று கேட்டேன். "இல்லைங்க. நோய் உங்களால வரலை. குரல் யாருதா வேணும்னாலும் வரும்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். உண்மையும் அதுதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நோய்க்கு நான் காரணம் இல்லை. ஆனால் அது பேசிய வார்த்தை என் வாயிலிருந்து போனது.

திரும்பி வரும் வழியில், பஸ் செஞ்சியை நெருங்கும்போது, "எப்பலேர்ந்துடா?" என்றேன்.

"மொதல்லேர்ந்தே நீதான் நைனா. அப்பல்லாம் சும்மா திட்டுவ. சங்கிலி போட்டியே, அதுக்கு அப்புறம்தான் சாவுன்னு சொல்ல ஆரம்பிச்ச." என் முகத்தைப் பார்த்துவிட்டு நீயே சமாதானம் சொன்னாய். "நீ இல்ல. அது. எனக்குத் தெரியும். ஆனா ரெண்டும் ஒரே மாதிரி இருக்குது."

குரல் வந்தால் எதிரில் இருப்பவர் வாயைப் பார்க்கச் சொல்லி டாக்டரம்மா உனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். உதடு அசைந்தால் வெளியே, அசையாவிட்டால் உள்ளே. வீட்டில் நீ என் முகத்தையே உற்றுப் பார்ப்பாய். ஒரு நாள் தயங்கித் தயங்கி, "உன் மீசை மறைக்குது நைனா. தெரிய மாட்டேங்குது" என்றாய். மறுநாள் காலை சலூனில் போய் உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் இருந்து வைத்திருந்த மீசை. "நெசமாத்தான் சொல்றீங்களா? ஏதாவது சாவு வூடா?" என்று சலூன்காரன் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் கத்தியை வைத்தான். வீட்டுக்கு வந்து உன் எதிரில் நின்றேன். "இப்ப தெரியுதா?" நீ சிரித்தாய். வாயைப் பொத்திக்கொண்டு, அடக்க முடியாமல் சிரித்தாய். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து என்னைப் பார்த்து அவளும் சிரித்தாள். அந்த ஒன்றரை வருஷம்தான் நாம் ஒரு வீட்டில் வாழ்ந்தது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அரை நாள் வேலை பார்த்தாய். குரல் வரும். "தோ பேசுது பாரு" என்று என்னிடமே சொல்வாய்.

அந்தப் பௌர்ணமியைப் பற்றி எழுதாமல் முடிக்கலாம் என்று நினைத்தேன். முடியாது.

மத்தியானம் மாத்திரை வாங்க டவுனுக்குப் போனாய். கிரிவலக் கூட்டம் அப்போதே சேர ஆரம்பித்திருந்தது. ஆட்டோக்களை வேறு பக்கம் திருப்பிவிட்டதால் செங்கம் ரோட்டில் நடந்து வந்திருக்கிறாய். அவ்வளவு சத்தம், அவ்வளவு முகம். எத்தனை வாயைத்தான் பார்ப்பாய்? குரல் ஓடச் சொல்லியிருக்கும். ஓடினாய். அதே நேரத்தில் பின்னால் எங்கேயோ ஒரு பெண்ணின் கழுத்துச் சங்கிலியை எவனோ அறுத்திருக்கிறான். கூட்டத்தில் ஓடுகிறவன் நீ ஒருவன்தான்.

தடுப்புக்கு நட்டிருந்த சவுக்குக் கம்பத்தில் உன் கையைப் பின்னால் வைத்துக் கட்டினார்கள். "செயின் எங்கடா?" என்று கேட்டார்கள். நீ அவர்களுக்கா பதில் சொன்னாய்? "சரி, சரி, செத்துப் போறேன், சரி" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாய். "ஒத்துக்கினான்டா" என்று ஒருவன் கத்தியிருக்கிறான். அதற்கப்புறம் கையில் என்ன இருந்ததோ அதனால் அடித்தார்கள். ஹெல்மெட், கட்டை, செருப்பு. செருப்புப் போடாமல் மலை சுற்ற வந்தவர்கள் வெறுங்காலால் மிதித்தார்கள்.

பூக்கடைக்காரர் ஒருவர் என்னைத் தெரிந்தவர். போன் செய்தார். நான் கூட்டத்தின் ஓரத்தை எட்டியபோது உன் தலை மட்டும் தெரிந்தது. "உடுங்கடா, எம் புள்ளடா, உடம்பு சரியில்லாத புள்ளடா" என்று என் உயிரையெல்லாம் குரலில் போட்டுக் கத்தினேன். ஒருவன்கூடத் திரும்பவில்லை. இடித்துக்கொண்டு உள்ளே போய் உன்மேல் விழுந்தேன். என் முதுகில் விழுந்த அடியில் விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. உன் ஒரு கண் மூடிப் போயிருந்தது. முன்பற்கள் இல்லை. மற்றக் கண்ணால் என் வாயைத் தேடினாய்.

"பேசு நைனா. நீதானான்னு பாக்கறேன்."

"நான்தான்டா. நான்தான் இருக்கேன். உனக்கு ஒண்ணும் ஆவாது. சாவாதடா. என் கண்ணுல்ல, சாவாத."

"அசையுது" என்றாய். கண்ணை மூடிக்கொண்டாய்.

வயிற்றுக்குள் ரத்தம் கட்டி மூன்றாம் நாள் போய்விட்டாய். செயின் அறுத்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது. சிலரைப் பிடித்தார்கள், ஜாமீனில் விட்டார்கள், கேஸ் நடக்கிறது. கோர்ட் வராந்தாவில் அவர்களில் ஒருவன் என்னிடம் வந்தான். உன் வயதுதான் இருக்கும். "எல்லாரும் அடிச்சாங்க சார், நானும் அடிச்சேன். ஏன்னு எனக்கே தெரியல" என்றான். அவன் கழுத்தைப் பிடித்து நெரிக்கத்தான் கை போனது. அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் கை தானாக இறங்கிவிட்டது. அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. அதுதான்டா பயமாக இருந்தது.

டாக்டரம்மா போன் செய்து அழுதாள். அரசு ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருவர் கிராமங்களில் இப்படிக் கட்டிவைத்திருக்கும் வீடுகளுக்குப் போய்ப் பேசுகிறார். கூட வருகிறீர்களா என்று கேட்டார். போன வாரம் முதல் முறையாகப் போனேன். ஒரு விவசாயி வீடு. மாட்டுக் கொட்டகையில் மகனைக் கட்டியிருந்தார். நர்ஸம்மா மாத்திரையைப் பற்றிச் சொன்னார், அவர் காதில் ஏறவில்லை. பிறகு நான் ஸ்கேனைப் பற்றிச் சொன்னேன். கேட்கிற பகுதி நிஜமாகவே வேலை செய்வதை என் கண்ணால் படத்தில் பார்த்தேன் என்று சொன்னேன். வயல்காட்டு மனிதர், பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "உங்க புள்ள இப்ப எப்டி இருக்கறாரு?" என்றார்.

நர்ஸம்மா பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"இல்லீங்க. செத்துட்டான். திருடன்னு நெனச்சு ரோட்ல கட்டிவெச்சு அடிச்சுக் கொன்னுட்டாங்க. எத்தினி பேரு அடிச்சாங்கன்னு போலீசுக்கே தெரியல." அதற்குமேல் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். "ஆனா மொத அடி என்னுதுங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டகையில் அந்தப் பையன் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் எழுந்து, தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். மகன் முன்னால் தரையில் உட்கார்ந்தார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் பேசினார்.